விலை ஒரே நாளில், செலவு ஆறு மாதம்: திருப்பூர் ஏற்றுமதியில் நான் கற்றுக்கொண்டவை

எக்ஸ்போர்ட் தொடங்கலாமா என்று யோசனை கேட்டு வருகிறவர்கள் முதலில் கேட்பது, "பீஸுக்கு எவ்வளவு நிக்குங்க?" என்பதுதான். நான் பதிலுக்கு, "உங்க பணம் எத்தனை நாள் வெளியே இருந்தா தாங்குவீங்க?" என்று கேட்பேன். பேச்சை மாற்றுகிறேன் என்று சிலர் நினைத்துக்கொள்கிறார்கள். ஆனால் வெளிநாட்டு ஆர்டர்களைப் பின்தொடரும் மெர்ச்சண்டைசராகச் சம்பளத்துக்கு இருந்தபோதும் சரி, பிறகு அங்கேரிபாளையம் ரோட்டில் சொந்தமாக ஒரு சின்ன யூனிட் போட்டபோதும் சரி, நான் பார்த்த கஷ்டம் எல்லாம் கடைசியில் இந்த நாள் கணக்கில்தான் வந்து நின்றது. நூல் விலை, சாயப்பட்டறை, கப்பல், அமெரிக்க வரி எல்லாமே அப்படித்தான்.

எழுபதுகளின் கடைசியில் இத்தாலியில் இருந்து வந்த ஒரு இறக்குமதியாளர் மூலம்தான் திருப்பூர் பனியனுக்கு ஐரோப்பிய வழி திறந்தது. 1985-இல் 15 கோடி ரூபாய் அளவில் இருந்த ஏற்றுமதி இன்று 40,000 கோடியை ஒட்டி நிற்கிறது. இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் இந்த ஊரில் இருந்துதான் போகிறது. இந்தத் தொகையைப் பார்த்து பெரிய பெரிய ஆலைகளைக் கற்பனை செய்யக் கூடாது. நிட்டிங் ஒருவரிடம், சாயம் ஒருவரிடம், துணி சுருங்காமல் பார்க்கும் காம்பாக்டிங் ஒருவரிடம், பிரிண்டிங், எம்ப்ராய்டரி, காஜா பட்டன் எல்லாம் வேறு வேறு சந்துகளில் என்று ஊரே ஒரு தொழிற்சாலையாகப் பிரிந்து கிடக்கிறது. அதனால்தான் கையில் பெரிய முதல் இல்லாதவரும் ஏற்றுமதியாளர் ஆக முடிந்தது. ஒரு கையில் வேலை நின்றால் எல்லார் கையிலும் நிற்பதும் அதனால்தான்.

ஒரு சாதாரண டி-ஷர்ட் ஆர்டரை எடுத்துக்கொள்வோம். பையருடன், அதாவது வெளிநாட்டில் இருந்து வாங்குபவருடன், பேசி 3 டாலர் என்று முடிவாகிறது. அன்றோடு அந்த விலை பூட்டியாயிற்று. அப்புறம் லேப் டிப், அதாவது சாயம் போட்ட சின்னத் துணி மாதிரி, அனுப்பி கலர் ஓகே வாங்க வேண்டும், சாம்பிளுக்கு ஓகே வாங்க வேண்டும். பிறகுதான் நூல் வாங்கி, துணி ஓட்டி, சாயம் போட்டு, கட்டிங், பவர் டேபிளில் தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங். இன்ஸ்பெக்‌ஷன் முடிந்து பெட்டி தூத்துக்குடி போகச் சுமார் 90 நாள். அங்கிருந்து பெரும்பாலும் கொழும்பு போய் பெரிய கப்பல் மாறி ஐரோப்பா சேர ஒரு மாதம். பையர் பணம் தருவது கப்பல் ஏறிய நாளில் இருந்து 60 அல்லது 90 நாள் கழித்து, சிலர் 120 நாள் கூட. விலை பேசிய நாளில் இருந்து கையில் காசு வரும் நாள் வரை ஆறு மாதம் தாராளமாக ஓடிவிடும். நூலுக்கு மில்காரர் ரொக்கம் கேட்பார், மிஞ்சினால் சில வாரம் தவணை தருவார். தையல்காரர்களுக்கு ஒவ்வொரு சனிக்கிழமையும் சம்பளம். அதைத் தள்ளிப்போட நமக்கு எந்த உரிமையும் கிடையாது.

இதை ரூபாயில் போட்டுப் பார்க்கலாம். எளிய கணக்குக்காக, 3 டாலரைவிட விலை குறைந்த ஒரு ஆர்டரில் பீஸுக்கு 200 ரூபாய் அடக்கம், வங்கி வட்டி 10 சதவீதம் என்று வைத்தால், பணம் ஒரு மாதம் கூடுதலாக வெளியே நின்றாலே பீஸுக்கு ஒன்றரை ரூபாய்க்கு மேல் போகிறது. 5 சதவீத லாபம் என்றால் மொத்தமே பத்துப் பதினோரு ரூபாய்தான். சிறு நிறுவனங்களுக்கு ஏற்றுமதிக் கடன் வட்டியில் 3 சதவீதம் அரசு ஏற்றுக்கொண்ட திட்டம் 2024 டிசம்பரோடு நின்றபோது, வெளியில் இருப்பவர்களுக்கு அது ஒரு சின்னச் செய்தி. எங்கள் அடக்கவிலைக் கணக்கான காஸ்ட் ஷீட்டில் அது தனியாக உட்கார வேண்டிய ஒரு வரி. என் காஸ்ட் ஷீட்டில் வட்டிக்கென்று ஒரு கட்டம் எப்போதும் இருக்கும். அதைப் பொதுச் செலவோடு சேர்த்து மறைத்தால், 60 நாள் பையருக்கும் 120 நாள் பையருக்கும் ஒரே விலை சொல்லிவிடுவோம்.

அடுத்தது நூல். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் ஊரில் கம்பெனிகள் மூடியதற்குப் பையர்களைவிட நூல் அதிகக் காரணம் என்று நான் நினைக்கிறேன். மாதம் பிறந்ததும் மில்கள் நூல் விலையை அறிவிக்கும். ஒன்றாம் தேதி காலையில் ஊரில் எல்லார் போனிலும் அந்தச் செய்திதான். 2020 இறுதியில் ஒரு கேண்டி பஞ்சு, அதாவது 356 கிலோ, 40,000 ரூபாய்ச் சொச்சம். 2022 மே மாதம் அது 1 லட்சத்தைத் தாண்டியது. அந்த மாதம் மட்டும் நூல் கிலோவுக்கு 40 ரூபாய் ஏறியது. சேதாரம் போக ஒரு கிலோ நூலில் ஐந்து டி-ஷர்ட் வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பீஸுக்கு 8 ரூபாய். நம் லாபம் 11 ரூபாய் என்றால், அந்த ஒரு அறிவிப்பிலேயே முக்கால் பங்கு காணாமல் போனது. பையரிடம் விலை பேசி இரண்டு மாதம் ஆகியிருக்கும். "உங்கள் பஞ்சு விலை எங்கள் பிரச்சினை இல்லை" என்றுதான் பதில் வரும். அந்த மே மாதம் திருப்பூர் இரண்டு நாள் வேலை நிறுத்தம் செய்தது.

இறக்குமதிப் பஞ்சுக்கு 2021 பட்ஜெட்டில் வந்த வரி, செஸ் சேர்த்து 11 சதவீதம். 2022 ஏப்ரலில் தற்காலிகமாக நீக்கினார்கள், மறுபடி போட்டார்கள், 2025 ஆகஸ்டில் மறுபடி டிசம்பர் வரை நீக்கினார்கள். பஞ்சு விளைவிக்கிற விவசாயிக்கு நல்ல விலை கிடைக்க வேண்டும். அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் சில மாதங்களுக்கு மட்டும் என்று நீக்கும்போது, வெளிநாட்டில் பஞ்சுக்கு ஆர்டர் போட்டு, கப்பலில் வந்து, நூலாகி எங்கள் கைக்கு வருவதற்குள் தேதி முடிந்துவிடுகிறது. நீக்குவதானால் ஒரு முழு ஆண்டுக்கு முன்கூட்டியே சொல்லி நீக்க வேண்டும். இல்லாவிட்டால் பெரிய குடோன் வைத்திருப்பவருக்கு மட்டுமே பயன்.

நூல் விஷயத்தில் எனக்குக் கைகொடுத்தவை இரண்டு. பையரிடம் கொட்டேஷன் அனுப்பும்போதே எந்த நூல் விலையில் கணக்குப் போட்டிருக்கிறேன் என்பதை எழுதிவிடுவேன், இந்த விலை இத்தனை நாள் வரைதான் செல்லும் என்றும் சேர்ப்பேன். பெரிய பிராண்டுகள் இதை மதிப்பதில்லை. நடுத்தர இறக்குமதியாளர்கள் மதிக்கிறார்கள், குறைந்தது ஓகே தருவதில் இழுத்தடிப்பதைக் குறைக்கிறார்கள். இன்னொன்று, ஆர்டர் உறுதியான வாரத்திலேயே பாதி நூலையாவது வாங்கிவிடுவது. கலர் ஓகே ஆகாவிட்டாலும் நூல் நூல்தானே, சாயம் போடாத கோரா துணியாக ஓட்டி வைத்துக்கொள்ளலாம். விலை இறங்கிவிட்டால் நஷ்டமாகுமே என்று கேட்பார்கள். விலை இறங்கினால் லாபம் குறையும், ஏறினால் கம்பெனியே போகும்.

சாயப்பட்டறை கதை தெரியாமல் திருப்பூர் ஏற்றுமதியைப் பேச முடியாது. நொய்யல் ஆற்றில் பல ஆண்டுகள் சாயக் கழிவு ஓடியது. ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்குக் கட்டியது, கழிவு தேங்கும் குட்டையாகிப் போனது. கீழே இருந்த விவசாயிகளின் கிணறும் நிலமும் உப்பேறிப் போயின. அவர்கள் நீதிமன்றம் போனார்கள். கழிவை முழுவதும் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தாத பட்டறைகளை மூடச் சொல்லி 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. துணியை வெளியூருக்கு அனுப்பி சாயம் போட்டு வாங்க வேண்டியிருந்தது. ஒரே கலர் லாட்டுக்கு லாட் மாறி வந்தது. அந்தத் தாமதத்தில் கப்பலைத் தவறவிட்டுப் பெட்டிகளை விமானத்தில் அனுப்பியவர்கள் பலர். ஒரு கிலோவுக்கு ஐந்தாறு பீஸ்தான் வரும் சரக்குக்கு விமானக் கட்டணம் கொடுத்தால் லாபம் போய் முதலும் கரையும்.

அந்த உத்தரவு நியாயமானது என்பதே என் கருத்து. அது வந்திருக்காவிட்டால் நாங்கள் ஆற்றைத் தின்று சம்பாதித்துக்கொண்டே இருந்திருப்போம். இன்று பொது சுத்திகரிப்பு நிலையங்களில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் தண்ணீர் மீண்டும் பட்டறைக்கே திரும்புகிறது, உப்பையும் பிரித்து எடுக்கிறார்கள். இதற்கு ஆகும் மின்சாரமும் செலவும் சாயக் கூலியில் ஏறுகிறது. இந்தக் கட்டாயம் இல்லாத போட்டி நாடுகளின் விலையோடுதான் பையர் நம்மை ஒப்பிடுகிறார். ஆடையில் பசுமை வேண்டும் என்று பேசும் அதே கம்பெனியின் கொள்முதல் பிரிவு, சென்ட் கணக்கில் விலையைக் குறைக்கச் சொல்கிறது. ஆடிட்டுக்கு வருகிறவரும் விலை பேசுகிறவரும் ஒரே மேஜையில் உட்காருவதே இல்லை. இப்போது புதுப் பையரிடம் பேசும்போது நான் தண்ணீர் கணக்கை முதல் மீட்டிங்கிலேயே எடுத்து வைக்கிறேன். ஒரு பீஸுக்கு எவ்வளவு தண்ணீர், அதில் எவ்வளவு திரும்புகிறது என்று பட்டறையிடம் எழுதி வாங்கிக் கொடுத்தால் எல்லாரும் கூடுதல் விலை தரமாட்டார்கள். தருகிறவர் யார் என்று சீக்கிரம் தெரிந்துவிடும்.

வங்கதேசத்தைப் பற்றிக் கோபமாகப் பேசுகிறவர்கள் இங்கே நிறைய. பின்தங்கிய நாடுகளுக்கு 2001-இல் இருந்து ஐரோப்பிய ஒன்றியம் கொடுத்த சலுகையில் அவர்கள் ஆடைக்கு வரி கிடையாது. எங்கள் டி-ஷர்ட்டுக்கு அந்தக் காலம் முழுவதும் பெரும்பாலும் 9.6 சதவீத வரி இருந்தது. 3 டாலரில் கிட்டத்தட்ட 29 சென்ட். எங்கள் லாபத்தைவிட அது அதிகம். நாம் எத்தனை திறமையாக ஓடினாலும் முதல் அடியிலேயே அவ்வளவு பின்னால் நின்றோம். ஆனால் அங்கே மெஷினில் உட்கார்ந்திருப்பவரும் நம் ஆட்களைப் போல வீட்டுக்குச் சோறு கொண்டுபோக வந்தவர்தான். 2024 ஆகஸ்டில் அங்கே கலவரம் வந்தபோது சில ஆர்டர்கள் இந்தப் பக்கம் திரும்பின. அந்த ஆர்டர்களை நம்பி மெஷின் வாங்காதீர்கள் என்று நான் தெரிந்தவர்களிடம் சொன்னேன். அடுத்தவர் ஊரில் அமைதி திரும்பினால் நம் ஆர்டர் போய்விடும் என்றால் அது நம் ஆர்டரே இல்லை. அவர்கள் செய்யும் பெரிய அளவுகளை விட்டுவிட்டு குழந்தைகள் ஆடை, ஆர்கானிக் பருத்தி, சின்ன அளவு, நிறைய கலர் என்று போன இடத்தில்தான் எங்கள் யூனிட் தாக்குப்பிடித்தது.

2025-இல் அமெரிக்க வரி வந்தது. திருப்பூர் ஏற்றுமதியில் மூன்றில் ஒரு பங்கு அளவு அப்போது அமெரிக்காவுக்குத்தான் போனது. ஆகஸ்ட் 7 முதல் 25 சதவீதம், ஆகஸ்ட் 27 முதல் இன்னொரு 25. பருத்தி டி-ஷர்ட்டுக்கு ஏற்கெனவே 16.5 சதவீதம் உண்டு. ஆக அப்போது மொத்தம் 66.5. அதே சமயம் வங்கதேசம், வியட்நாம், இலங்கைக்குக் கூடுதல் வரி 20, பாகிஸ்தானுக்கு 19. 27-ஆம் தேதிக்கு முன் கப்பல் ஏறி, செப்டம்பர் 17-க்குள் அங்கே கஸ்டம்ஸ் தாண்டிவிட்டால் இரண்டாவது 25 கிடையாது என்று ஒரு விலக்கு இருந்தது. தூத்துக்குடியில் இருந்து நியூயார்க் போக ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். கடைசி வாரத்தில் இரவு பகலாகப் பேக்கிங் போட்டு ஏற்றிய பெட்டிகள் அந்தத் தேதிக்குள் போய்ச் சேர வழியே இல்லை.

அந்த வாரங்களில் பையர்களின் மெயில் எல்லாம் ஒரே மாதிரி வந்தது: வரியில் பங்கு ஏற்றுக்கொள்ளுங்கள், தள்ளுபடி கொடுங்கள், இல்லாவிட்டால் நிறுத்தி வையுங்கள். எங்கள் கட்டிங் மாஸ்டர் வந்து, "என்னங்க, லே போடட்டுமா வேண்டாமா?" என்று, அதாவது துணியை வெட்ட அடுக்கலாமா என்று கேட்டபோது, ஒரே பதிலாகச் சொல்ல முடியவில்லை. ஆர்டர்களை அவை நிற்கும் இடத்தைப் பார்த்துப் பிரித்தோம். தைத்து முடித்தவற்றுக்குப் பேசிப் பேசி ஒரு சின்னத் தள்ளுபடி கொடுத்து அனுப்பினோம், அந்தப் பையரின் லேபிள் வைத்த சரக்குக்கு வேறு வழி இல்லை. கட்டிங் ஆகாமல் சாயத் துணியாக இருந்ததை, அதே கலர் பிடிக்கிற ஐரோப்பியப் பையருக்குக் காட்டினோம். நூல் வாங்காத ஆர்டர்களுக்குத் தள்ளுபடியே கிடையாது, வேண்டுமானால் ரத்து செய்யுங்கள் என்று எழுதினோம். எல்லா ஆர்டருக்கும் ஒரே சதவீதம் கொடுத்தவர்கள் எங்களைவிட அதிகம் இழந்தார்கள். கையில் வெட்டிய பீஸும் துணியும் எவ்வளவு இருக்கிறது என்று பையருக்குத் தெரிந்தால் பேரத்தில் அவர் கைதான் ஓங்கும். அதனால் புரொடக்‌ஷன் ஸ்டேட்டஸ் அனுப்பும் மெயிலில் எதை எழுதுவது, எதை விடுவது என்று மெர்ச்சண்டைசர்களுக்குச் சொல்லி வையுங்கள்.

நிறுத்தி வைத்த சரக்கை உள்ளூரில் தள்ளிவிடலாம் என்று நினைக்க வேண்டாம். காதர்பேட்டையில் ஏற்றுமதி மிச்சத்துக்குக் கிடைப்பது அடக்க விலையில் ஒரு பகுதிதான். அதையும் பிராண்ட் லேபிளை வெட்டாமல் விற்றால் பையரிடம் இருந்து வழக்கு வரும்.

பணம் வராமலே போவதும் உண்டு. 2020-இல் கொரோனாவின்போது பிரிட்டனில் எங்களிடம் வாங்கிக்கொண்டிருந்த ஒரு கடைச் சங்கிலி திவாலானது. சரக்கு துறைமுகத்தில், பில் எங்கள் மேஜையில். ஏற்றுமதிக் கடன் காப்பீடு கொடுக்கும் இசிஜிசியில் அந்தப் பையருக்கு எவ்வளவு வரை காப்பீடு என்று முன்பே லிமிட் வாங்கி வைத்திருந்ததால் பெரும்பகுதி திரும்ப வந்தது, ஆனால் வர நெடு நாள் ஆனது. இதில் கவனிக்க வேண்டியது, பாலிசி எடுப்பதோடு வேலை முடிவதில்லை. ஒவ்வொரு பையருக்கும் ஷிப்மென்ட்டுக்கு முன்பே லிமிட் கேட்டு வாங்க வேண்டும். பணம் தவணை தாண்டினால் குறித்த கெடுவுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். பழகிய பையர், இப்போது கேட்டால் மனம் நோகும் என்று சும்மா இருந்துவிட்டால் கிளைம் நிற்காது. எவ்வளவு நல்ல பையராக இருந்தாலும் மொத்த ஆர்டரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒருவரிடம் வைப்பதில்லை என்று நாங்கள் முடிவு செய்தது அதற்குப் பிறகுதான்.

கப்பல் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2023 இறுதியில் செங்கடலில் தாக்குதல் தொடங்கியதும் கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போயின. பத்துப் பதினைந்து நாள் கூடியது, கட்டணமும் கூடியது. கப்பலில் ஏற்றும் வரை மட்டுமே நம் செலவு என்ற எஃப்ஓபி விலையில் கட்டணம் பையர் தலையில்தான். ஆனாலும் சரக்கைப் பதினைந்து நாள் முன்னால் கொடுக்கச் சொல்வார்கள். அந்தப் பதினைந்து நாளை நாம் தையலில்தான் பிடிக்க வேண்டியிருக்கும்.

தையல் என்றால் ஆட்கள். ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் பிள்ளைகள் இல்லாமல் இன்று திருப்பூரில் எந்த லைனும் ஓடாது. 2020 ஊரடங்கில் அவர்கள் நடந்தும் ரயிலிலும் ஊர் திரும்பியதை நாங்கள் பார்த்தோம். 2023 மார்ச்சில் வடமாநிலத்தவரை இங்கே தாக்குகிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவியபோது ஸ்டேஷனில் கூட்டம் நிரம்பியது. எங்கள் செக்கிங் பெண்கள் கூட இருந்து, அவர்கள் வீட்டுக்கு வீடியோ கால் போட்டுப் பேசிய பிறகுதான் சிலர் தங்கினார்கள். டெலிவரி தேதி ஒத்துக்கொள்ளும் முன் நான் ஹோலி, சாத் பூஜை, தீபாவளி, அவர்கள் ஊர்த் தேர்தல் எல்லாவற்றையும் காலண்டரில் குறித்துக்கொள்கிறேன். அந்த வாரங்களில் ஆட்கள் பாதிதான் இருப்பார்கள் என்று வைத்தே நாள் சொல்வேன். தினமும் ஒன்றரை ஷிப்ட் ஓட்டி அதை ஈடுகட்டலாம் என்பது தப்பு, மூன்றாவது வாரத்தில் செக்கிங்கில் பழுதான செகண்ட்ஸ் பீஸ் குவியும். தங்குமிடத்துக்குச் செலவழித்த கம்பெனிகளில் ஆட்கள் ஊர் போய்த் திரும்பி வருகிறார்கள். வேறு எந்தச் செலவும் எனக்கு இவ்வளவு நாள் மிச்சம் செய்து கொடுத்ததில்லை.

கூலிக்கு ஜாப் ஒர்க் செய்யும் சிறு பட்டறைகளுக்கு 45 நாளுக்குள் பணம் தராவிட்டால் அந்தச் செலவை, பணம் கொடுக்கும் ஆண்டில்தான் வருமான வரிக் கணக்கில் கழிக்க முடியும் என்ற விதி வந்தபோது ஊரில் பலர் முணுமுணுத்தார்கள். எனக்கு அந்த விதி பிடித்திருக்கிறது. எங்கள் பணம் 120 நாளில் வருகிறது என்பதற்காகப் பிரிண்டிங் பட்டறைக்காரர் ஏன் காத்திருக்க வேண்டும்? அவருக்குப் பின்னாலும் சனிக்கிழமை இருக்கிறது. அரசு கேட்க வேண்டியது எதிர்ப் பக்கத்தையும்தான். வர்த்தக ஒப்பந்தம் பேசும்போது வரியோடு நிறுத்தாமல், வெளிநாட்டுப் பையர் எத்தனை நாளில் பணம் தர வேண்டும் என்பதையும் பேசினால் எங்களைப் போன்ற சின்ன யூனிட்களுக்கு அது பெரிய உதவி.

இப்போது எங்கள் பகுதியில் சில சின்னக் கம்பெனிகள் சேர்ந்து நூலை ஒன்றாக வாங்குகிறோம். தனித்தனியாகப் போனால் காது கொடுக்காத மில், சேர்ந்து போனதும் ஒரு மாதத் தவணையும், அறிவிப்புக்கு முந்தைய விலையில் கொஞ்சம் சரக்கும் தருகிறது. யார் எவ்வளவு எடுத்தார், யார் எப்போது கட்டினார் என்பதை எல்லாரும் பார்க்கும் ஒரே கணக்கில் எழுதுகிறோம். தவணை தவறியவருக்கு அடுத்த மாதம் நூல் இல்லை, சொந்தக்காரராக இருந்தாலும் சரி. அடுத்து சாயப்பட்டறையில் இதேபோல முன்கூட்டியே நாள் பிடித்து வைக்க முடியுமா என்று பேசிக்கொண்டிருக்கிறோம். பட்டறைக்காரர் கேட்பது அட்வான்ஸ். அந்த அட்வான்ஸை யார் எவ்வளவு போடுவது என்பதில்தான் இன்னும் முடிவு வரவில்லை.